மயிர்க்காலும் மனித மாண்பும்

நோயில் பூசுதல் என்னும் அருளடையாளத்தை வழங்கப் புற்றுநோய்ப் பிரிவுக்குச் செல்லும் குருக்கள் பலரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. கட்டிலில் சாய்ந்திருக்கும் பெண், குரு உள்ளே வருவதைக் கண்டதும், முதலில் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். வணக்கம் சொல்வதும் செபம் கேட்பதும் அதற்குப் பின்னரே. என் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் ஒருமுறை வாய்விட்டே சொன்னார்: “சாமி, மார்பை எடுத்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தபோதுதான் அழுதேன்.” அன்று நான் அவருக்குச் சொன்ன ஆறுதல் மொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. ‘முடிதானே அம்மா, வளர்ந்துவிடும்’ என்றேன். அது உண்மைதான், ஆனாலும் அது அவருடைய கண்ணீருக்கு விடையாகவில்லை.

முடிக்காக வருந்துவது வீண் பெருமையா? அப்படி எளிதாகத் தீர்ப்புச் சொல்ல விவிலியம் நமக்கு இடம் தரவில்லை. சிம்சோனின் வலிமை முடியோடு பிணைந்திருந்தது. ஆண்டவரின் காலடிகளைத் துடைக்க ஒரு பெண்ணின் கூந்தலே துணியாயிற்று. வானகத் தந்தையின் பராமரிப்பு எத்துணை நுண்ணியது என்பதைச் சீடருக்கு உணர்த்த விரும்பிய இயேசு, சிட்டுக்குருவியை அடுத்து எடுத்துக்கொண்ட உவமை தலைமுடியே. அற்பத்தினும் அற்பமானது என்று உலகம் தள்ளுவதும் தந்தையின் கணக்கில் இருக்கிறது என்பதே அந்தப் போதனையின் உட்பொருள்.

நம் மக்கள் வேளாங்கண்ணி முதலிய திருத்தலங்களுக்குச் சென்று நேர்ச்சையாக முடியைக் காணிக்கை கொடுப்பதுண்டு. கொடுத்த முடி சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடுகிறது. காரணம், சவரக்கத்தி நீக்குவது தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் உயிரற்ற இழையை மட்டுமே. அந்த இழையை உருவாக்கும் உயிருள்ள பட்டறை தோலுக்குள் இருக்கிறது. அதற்குத் தமிழில் மயிர்க்கால் என்ற அழகிய பெயர் உண்டு. ஆனால் புற்றுநோய் மருந்து கத்தியைப் போன்றதன்று. அது மயிர்க்காலின் உள்ளேயே சென்று, அங்கு விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகிறது. வேகமாகப் பெருகும் உயிரணு எதுவாயினும் அந்த மருந்துக்கு அது பகைவனே.

மனிதத் தலையில் ஏறத்தாழ 100000 மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் முடியை வளர்க்கிறது. பின் சில வாரங்களில் சுருங்குகிறது. சில மாதங்கள் ஓய்ந்திருந்து மறுபடியும் வளர்க்கத் தொடங்குகிறது. வளரும் காலத்தில் முடி நாளொன்றுக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் நீள்கிறது. இந்த மயிர்க்கால்கள் அனைத்தும் நாம் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவானவை. பிறந்த பின் புதிய மயிர்க்கால் இயல்பாக முளைப்பதில்லை. தீயிலோ நோயிலோ அழிந்தது அழிந்ததுதான். ஒரு முடியை வெண்மையாக்கவோ கருமையாக்கவோ மனிதனால் இயலாது என மலைப்பொழிவு நமக்கு நினைவூட்டுகிறதே, அந்த இயலாமையை அறிவியலாரும் நெடுங்காலம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்று ஆய்வுக்கூடங்களில் மனித மயிர்க்கால்களை உடலுக்கு வெளியே வாழவைக்கிறார்கள். குருத்தணுக்களிலிருந்து புதிதாக உருவாக்கவும் செய்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த முயற்சியின் வரலாறு, வழுக்கைத் தலையரின் ஏக்கக் கதை மட்டுமன்று. படைப்பைப் பற்றியும் நம்மைப் பற்றியும் அது கற்றுத்தருவது மிகுதி.

உடலுக்கு வெளியே உயிர்

உடலிலிருந்து பிரித்தெடுத்த திசு உடலுக்கு வெளியே வாழுமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை தந்தவர் அமெரிக்கரான ராஸ் ஹாரிசன். 1907ஆம் ஆண்டு, தவளைக் கருவின் நரம்புத் திசுவிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து, தவளையின் நிணநீர்த் துளி ஒன்றில் வைத்தார். அந்தத் துளியைக் கண்ணாடித் தகட்டின் அடிப்புறத்தில் தொங்கவிட்டு, நுண்ணோக்கி வழியே நாள்தோறும் பார்த்தார். நரம்பிழைகள் கண்ணெதிரே நீண்டன. இதுவே ‘தொங்கு துளி’ முறை. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை; பொறுமையும் தூய்மையும் போதுமாயிருந்தன. இந்தத் தொங்கு துளியை வாசகர்கள் நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். நூறாண்டுக்குப் பின் அது மறுபடியும் நம் கதைக்குள் வரும்.

ஹாரிசனின் வழியைப் பின்பற்றிப் பெரும்புகழ் அடைந்தவர் அலெக்ஸிஸ் கேரல். 1873இல் பிரான்சின் லியோன் நகரருகே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இயேசு சபையாரிடம் கல்வி பயின்றவர். மருத்துவராகும் நாள்களில் விசுவாசத்தை இழந்தவர். 1902இல் நோயாளிகளோடு லூர்து நகருக்குச் சென்ற அவர், சாகும் நிலையிலிருந்த காசநோய்ப் பெண் ஒருவர் தம் கண்முன் நலமடைந்ததைக் கண்டார். கண்டதை மறுக்கவும் முடியாமல், முழுமையாக ஏற்கவும் முடியாமல் அவர் பட்ட மனப்போராட்டம் அவர் இறந்த பின்னரே நூலாக வெளிவந்தது. பின்னர் அவர் அமெரிக்கா சென்றார். குருதிக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக 1912இல் நோபல் பரிசு பெற்றார்.

அதே 1912ஆம் ஆண்டு சனவரியில், நியூயார்க்கின் ராக்பெல்லர் கழகத்தில், கோழிக் கருவின் இதயத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வளர்க்கத் தொடங்கினார். அந்த வளர்ப்பு 34 ஆண்டுகள், அதாவது அவர் இறந்து ஈராண்டுகள் கழியும்வரை, தொடர்ந்தது. சாவாத இதயம் என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. உயிரணுக்கள் தம்மளவில் அழிவற்றவை என்பது அறிவியல் உலகின் நம்பிக்கையாயிற்று. ஆனால் 1961இல் லெனார்டு ஹேப்ளிக், பால் மூர்ஹெட் ஆகிய இருவரும், இயல்பான மனித உயிரணு ஏறத்தாழ 50 முறை பெருகியபின் நின்றுவிடுகிறது என மெய்ப்பித்தனர். கேரலின் முடிவை வேறெவராலும் திரும்பச் செய்துகாட்ட இயலவில்லை. ஊட்டத்துக்காகச் சேர்த்த கருச்சாற்றோடு புதிய உயிரணுக்களும் கலந்திருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர்.

கேரலின் வாழ்வில் மற்றொரு நிழலும் உண்டு. 1935இல் வெளியிட்ட நூலில், கொடுங்குற்றம் புரிந்தோரையும் குற்றம் புரிந்த மனநோயாளிகளையும் வலியின்றி ஒழித்துவிடலாம் என எழுதவும் அவர் துணிந்தார். கோழியின் இதயத் துணுக்குக்கு அழியா வாழ்வு தர முயன்ற கை, மனிதரில் சிலர் வாழத் தகுதியற்றவர் எனப் பட்டியலிட்டது. 1944 நவம்பரில் திருச்சபையின் அருளடையாளங்களைப் பெற்று அவர் கண்மூடினார் என்பது நமக்கு ஆறுதல். இறைவனின் இரக்கத்துக்கு எல்லை வகுக்க நாம் யார்? ஆயினும் உயிரை வளர்க்கும் திறமை ஒருவரிடம் இருப்பதனாலேயே உயிரை மதிக்கும் பண்பும் அவரிடம் வந்துவிடுவதில்லை என்ற பாடத்தை அவர் வாழ்வு விட்டுச்சென்றது.

இரு திசுக்களின் உறவு

மயிர்க்காலின் கதை, இத்தகைய ஆரவாரம் ஏதுமின்றி நடந்தது. கேம்பிரிட்ஜ் நகரின் ஸ்டிரேஞ்ச்வேஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மார்கரெட் ஹார்டி, சுண்டெலிக் கருவின் தோல் துணுக்குகளை உடலுக்கு வெளியே வளர்த்து, அவற்றில் மயிர்க்கால் தோன்றி முடி உருவாவதை 1949இல் விவரித்து எழுதினார். முடி முளைக்கத் தேவையான அறிவுரைகள் அந்தச் சிறு தோல் துணுக்குக்குள்ளேயே அடங்கியிருந்தன என்பது புலனாயிற்று. 43 ஆண்டுகள் கழித்து, 1992இல், மயிர்க்காலின் மறைவாழ்வு பற்றி அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் மதிக்கப்படுகிறது. வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு மயிர்க்காலுக்கு அளித்த அம்மையாரை நினைக்கும்போது, ஒரே செபத்தை வாழ்நாளெல்லாம் சொல்லி அதன் ஆழம் காணும் துறவியரே என் நினைவுக்கு வருகின்றனர்.

மயிர்க்கால் தனியொரு பொருளன்று. இரண்டு திசுக்களின் கூட்டு. மேற்தோல் கீழ்நோக்கி இறங்கி ஓர் உறைபோல் அமைகிறது. அதன் அடியில், உள்தோலைச் சேர்ந்த உயிரணுக்கள் சிறு மொட்டுப்போல் குவிந்து நிற்கின்றன. இதனை முகிழ் என்போம். முடியிழையாக மாறுவன மேற்தோலின் உயிரணுக்களே. முகிழின் உயிரணுக்கள் முடியாக மாறுவதில்லை. அப்படியானால் முகிழுக்கு என்ன வேலை?

இதற்கு விடை கண்டவர் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் பணியாற்றிய ராய் ஆலிவர். 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஆய்வுகள் எலியின் மீசை முடியைப் பற்றியவை. மீசை மயிர்க்காலின் அடிப்பகுதியைச் சிறிதளவு வெட்டி நீக்கினால், எஞ்சிய பகுதி புதிய முகிழை உருவாக்கிக்கொண்டு மறுபடி முடி வளர்த்தது. அளவு மீறி வெட்டினால் வளரவில்லை. ஆனால் அப்படி வளராமற்போன மேற்பகுதியோடு வேறொரு முகிழை எடுத்துச் சேர்த்தபோது, மீசை மறுபடியும் முளைத்தது! முகிழ் தான் முடியாவதில்லை. ஆனால் அது அருகிலிருந்து தூண்டினாலன்றி மேற்தோல் முடியைத் தருவதில்லை. ஒன்று அழைக்கிறது, மற்றொன்று கேட்டுச் செயல்படுகிறது. தனியே நின்றால் இரண்டுமே மலடு.

ஆலிவரும் அவருடைய துணை ஆய்வாளர்களான காலின் ஜஹோடா, ஹார்ன் ஆகியோரும் 1984இல் அடுத்த படியை எட்டினர். எலியின் முகிழிலிருந்து பிரித்து ஆய்வுக்கூடத்தில் பெருக்கிய உயிரணுக்களை உடலில் வைத்தபோதும் முடி முளைத்தது. 1999இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஜஹோடா தம்மையே ஆய்வுப்பொருளாக்கினார். தம் தலையின் மயிர்க்கால் உறையிலிருந்து எடுத்த சிறு திசுவை, உடன் ஆய்வாளரும் மனைவியுமான அமாண்டா ரெனால்ட்ஸின் முன்கையில் வைக்கச் செய்தார். அங்கே புதிய மயிர்க்கால்கள் தோன்றின. அவற்றின் அடியில் ஆணுக்கே உரிய குரோமோசோம் காணப்பட்டது. அயல் திசுவை எதிர்க்கும் உடல் இதனை எதிர்க்கவில்லை. கணவனும் மனைவியும் ஒரே உடல் என நாம் திருமணத் திருப்பலியில் கேட்டு வருகிறோம். ஆய்வுக்கூடத்தில் அதற்கு எதிர்பாராத ஓர் அடையாளமும் கிடைத்தது எனப் புன்னகையோடு சொல்லலாம்.

வியர்க்காத தோல்

இவ்வளவு உழைப்பும் எதற்கு என்று கேட்போருக்கு, தீக்காயத்தின் வரலாறு விடை சொல்லும். 1975இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ரைன்வால்டு, ஹோவர்டு கிரீன் ஆகியோர் மனித மேற்தோலின் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் பெருமளவில் பெருக்க வழி கண்டனர். 1983இல், உடலின் 95 விழுக்காட்டுக்கும் மேல் வெந்துபோன இரு சிறுவர்கள், அண்ணனும் தம்பியும், பாஸ்டன் நகர மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். எரியாமல் எஞ்சியிருந்த சிறிதளவு தோலிலிருந்து உயிரணுக்களை எடுத்து, தாள்போன்ற மெல்லிய தோலாக வளர்த்து, அந்தச் சிறுவர்களின் உடலைப் போர்த்தினர். இருவரும் பிழைத்தனர். அடுத்த ஆண்டு மருத்துவ இதழில் இது வெளிவந்தபோது உலகம் வியந்தது.

ஆனால் அந்தத் தோல் முழுமையான தோலன்று. அதில் முடி முளைக்கவில்லை. வியர்வைச் சுரப்பி இல்லை. எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. மழைநீர் புகாமல் கூரை வேய்ந்தாயிற்று. ஆனால் வீட்டுக்குள் அடுப்பில்லை, கிணறில்லை என்ற நிலை. வியர்க்க முடியாத உடலால் வெயிலைத் தாங்குவது அரிது. முகத்தின் வியர்வை, ஆதாமின் தண்டனையாகத் தொடக்கநூலில் வருகிறது. வியர்வையும் ஒரு கொடையே என்பதை அதை இழந்தவரே அறிவர். மயிர்க்காலும் அவ்வாறே. அதைச் சுற்றியுள்ள குருத்தணுக்கள், காயம் பட்ட தோலை மூடி ஆற்றவும் துணைபுரிகின்றன. மயிர்க்காலின் மேற்பகுதியில் குருத்தணுக்கள் குடியிருக்கும் இடத்தைக் கோட்சரேலிஸ், சன், லேவ்கர் ஆகிய மூவர் 1990இல் எலித்தோலில் கண்டறிந்து அறிவித்தனர். முடியைத் தேடிப் போனவர்கள் தோலின் பாதுகாப்புக் களஞ்சியத்தைக் கண்டடைந்தனர்.

குப்பைக்குப் போகவிருந்த தோல்

அதே 1990ஆம் ஆண்டு, மைக்கேல் பில்பாட், மார்ட்டின் கிரீன், டெரன்ஸ் கீலி ஆகியோர் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மனித மயிர்க்கால் உடலுக்கு வெளியே வாழ்ந்து முடி வளர்த்தது என்பதை முதன்முறையாக அறிவித்த கட்டுரை அது. அவர்கள் பயன்படுத்திய பொருள், முகச்சுருக்கம் நீக்கும் அறுவையில் வெட்டி எடுக்கப்பட்ட தலைத்தோல். அழகுக்காகச் செய்யப்பட்ட அறுவையில் மிஞ்சிய கழிவு அது. தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பும் சேருமிடத்தில் கத்தியால் வெட்டி, கடிகாரம் பழுதுபார்ப்போர் கையாளும் நுண்ணிடுக்கியால் ஒவ்வொரு மயிர்க்காலையும் சிதையாமல் உருவி எடுத்தனர். 24 குழிகள் கொண்ட தட்டில் ஊட்டநீர் நிரப்பி, ஒரு குழிக்கு ஒன்றாக மிதக்கவிட்டனர்.

குருதி ஓட்டமில்லை, நரம்பில்லை, உடலே இல்லை. ஆயினும் அந்த மயிர்க்கால்கள் நான்கு நாள்கள் முடியை வளர்த்தன. ஊட்டநீரைச் செம்மைப்படுத்தியபின், சுமார் பத்து நாள்கள்வரை, உடலில் வளரும் வேகத்தை ஒட்டியே வளர்ந்தன. எந்தச் சுரப்பு முடியை வளர்க்கிறது, எது நிறுத்துகிறது, எந்த மருந்து மயிர்க்காலைச் சிதைக்கிறது என்பவற்றை எந்த மனிதரையும் துன்புறுத்தாமல் நேரடியாகக் காண வழி பிறந்தது. இன்றும் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இம்முறையே அடித்தளம்.

தலையிலிருந்து இழிந்த முடியை மதிப்பிழந்தோருக்கு உவமையாகச் சொல்வது நம் முன்னோர் மரபு. ஆனால் இழிந்ததையும் கழிந்ததையும் கையிலெடுத்துப் பார்த்தவர்களுக்கே இங்கே கதவு திறந்தது. கட்டுவோர் விலக்கிய கல்லைப் பற்றி அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று.

தனித்தால் மறதி, கூடினால் நினைவு

எனினும் ஒரு தடை எஞ்சியிருந்தது. முழு மயிர்க்காலை வாழவைப்பது வேறு. மனித முகிழின் உயிரணுக்களைக் கொண்டு புதிய மயிர்க்காலை உருவாக்குவது வேறு. எலியில் வெற்றி தந்த முறை மனிதரிடம் தோற்றது. மனித முகிழின் உயிரணுக்களைத் தட்டில் பரப்பி வளர்த்தால் அவை பெருகின. ஆனால் முடியைத் தூண்டும் ஆற்றலை இழந்துவிட்டன. உயிர் இருந்தது, அழைப்பு மறந்துபோயிற்று.

காரணத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனித்தனர். எலியின் முகிழ் உயிரணுக்கள் தட்டிலும் தாமாகவே ஒன்றுகூடிக் குவிகின்றன. மனித உயிரணுக்களோ தனித்தனியே தட்டையாகப் பரவிக் கிடக்கின்றன. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேர் ஹிக்கின்ஸ், ஆஞ்செலா கிறிஸ்தியானோ ஆகியோரும் டர்ஹமின் ஜஹோடாவும் சேர்ந்து, 2013இல் ஒரு பழைய வழியை நாடினர். முகிழின் உயிரணுக்களை ஊட்டநீர்த் துளிகளில் இட்டு, தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தொங்கவிட்டனர். 1907இல் ஹாரிசன் கையாண்ட அதே தொங்கு துளி! துளியின் அடியில் உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று இறங்கி, சிறு உருண்டையாகக் கூடின. கூடியதும், இழந்த பண்புகளில் ஒரு பகுதி அவற்றுக்குத் திரும்பியது. அந்த உருண்டைகளை இயல்பாக முடி முளைக்காத மனிதத் தோலுக்குள் வைத்து, அத்தோலை எலியின் முதுகில் ஒட்டினர். ஏழு பேரிடமிருந்து எடுத்த உயிரணுக்களில் ஐவருடையவை புதிய மனித முடியை முளைக்கச் செய்தன. கிறிஸ்தியானோ, திட்டுத்திட்டாக முடி உதிரும் நோய்க்குத் தாமே ஆளானவர் என்பதைப் பலமுறை வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். தாம் பட்ட துன்பத்தையே பிறருக்கு மருந்து தேடும் வழியாக்கிக்கொண்டவர் அவர்.

கொரிந்து நகரத் திருச்சபைக்குப் புனித பவுல் உடலையும் உறுப்புகளையும் பற்றி எழுதிய பகுதியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். உறுப்பு உறுப்பாக இருப்பது உடலோடு சேர்ந்திருக்கும்போதுதான். உயிரணுவுக்கு மனமில்லை, விசுவாசமும் இல்லை. எனவே அறிவியலின் செய்தியை அப்படியே மறையுரையாக்குவது முறையன்று. ஆனால் உறவில்தான் ஒவ்வொன்றும் தன் இயல்பை அடைகிறது என்ற ஒழுங்கைப் படைத்தவர் ஒருவரே என நம்பும் நமக்கு, அந்த ஒழுங்கின் எதிரொலி தொங்கும் துளியிலும் கேட்பது வியப்பன்று.

எங்கிருந்து எடுத்தோம்?

2020ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் பெரிய திருப்பம். அமெரிக்காவில் கார்ல் கேலரும் ஜியூன் லீயும் மற்றவர்களும், எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல குருத்தணுக்களிலிருந்து, முடியோடு கூடிய மனிதத் தோலை முழுமையாக உருவாக்கினர். கேலரின் முதல் நோக்கம் முடியன்று. காது கேளாதோருக்காக உட்செவியின் திசுவை வளர்க்க முயன்றவர் அவர். அந்த முயற்சியில் தோலும் உடன் வளர்ந்ததே இதற்கு வித்து. குண்டூசித் தலைபோன்ற சிறு உருண்டைகளில் மேற்தோல், உள்தோல், கொழுப்பு, நரம்பு, நிறம் தரும் உயிரணு, எண்ணெய்ச் சுரப்பி, மயிர்க்கால் ஆகிய அனைத்தும் தோன்றின. அதற்கு நான்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. தாயின் கருவறையில் தோல் வளர எடுத்துக்கொள்ளும் காலத்தை ஒட்டிய காலம் அது. அவசரப்படுத்த எவராலும் இயலவில்லை.

இங்கேதான் நாம் நின்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். அந்தக் குருத்தணுக்கள் எங்கிருந்து வந்தவை? அந்த ஆய்வில் இரு வகைகள் பயன்பட்டன. ஒன்று, மனிதக் கருவிலிருந்து பெற்றது. மற்றொன்று, வளர்ந்த மனிதரின் உயிரணுவை மாற்றி அமைத்துப் பெற்றது. முதல் வகை, 1998இல் ஜேம்ஸ் தாம்சன் கண்ட முறையைச் சார்ந்தது. அதைப் பெறுவதற்கு, சில நாள் வளர்ந்த மனிதக் கருவை அழிக்கவேண்டும்.

கருவான நொடி முதல் மனித உயிரை ஓர் ஆளுக்குரிய மதிப்போடு நடத்தவேண்டும் என விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1987இல் வெளியிட்ட அறிவுரை கற்பித்தது. 2000 ஆகஸ்டில் உறுப்புமாற்று மருத்துவர்களின் உலக மாநாட்டில் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கருவை அழிக்கும் வழியை மறுத்து, வளர்ந்தோரின் குருத்தணுக்களை நோக்கி ஆய்வாளரைத் திருப்பினார். 2008இல் அதே பேராயம் மனிதரின் மாண்பு பற்றி வெளியிட்ட அறிவுரையும் இதையே உறுதிசெய்தது. அறிவியலுக்குத் திருச்சபை முட்டுக்கட்டை போடுகிறது என்று அந்நாள்களில் பலர் ஏளனம் செய்தனர்.

ஆனால் நடந்தது என்ன? ஜப்பானியரான ஷின்யா யமனாக்கா 2006இல் எலியின் உயிரணுவையும், 2007இல் மனிதத் தோலின் உயிரணுவையும், நான்கு மரபணுக்களைச் செலுத்திக் குருத்தணுவாக மாற்றிக் காட்டினார். எந்தக் கருவையும் அழிக்கத் தேவையில்லாத வழி அது. 2012இல் ஜான் குர்டனோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தம் நண்பரின் மருத்துவமனையில் நுண்ணோக்கி வழியே ஒரு மனிதக் கருவைக் கண்டபோது, அதற்கும் தம் மகள்களுக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை என்ற உணர்வு தம்மை ஆட்கொண்டதாகவும், வேறு வழி தேடியாகவேண்டும் எனத் தோன்றியதாகவும் அவர் கூறியுள்ளார். யமனாக்கா மறைக்கல்வி படித்து அந்த முடிவுக்கு வரவில்லை. நுண்ணோக்கியின் முன் ஒரு தந்தை, தந்தையாகவே இருந்தார். அதுவே போதுமாயிற்று.

ஒன்று வளர மற்றொன்று அருகிலிருந்து அழைக்கவேண்டும் என மயிர்க்காலின் வரலாறு நமக்குக் கற்பித்தது. ஒன்றை வளர்க்க மற்றொரு மனித உயிரை அழிப்பது அந்தப் பாடத்துக்கே முரண். ஆகவே, புதிய சிகிச்சை எது வந்தாலும், எங்கிருந்து எடுத்தீர்கள் எனக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. அறுவையில் கழிந்த தோலாயினும், அதைத் தந்தவரின் இசைவு பெறவேண்டும். ஏழையின் உடல் எவருக்கும் இலவச மூலப்பொருளன்று.

யாருக்காக?

எங்கிருந்து என்ற கேள்வியோடு பிறந்த இரட்டைக் கேள்வி, யாருக்காக என்பது. 2022இல் ஜப்பானின் யோகோகாமா நகர ஆய்வாளர்கள், எலிக் கருவின் இருவகை உயிரணுக்களைச் சேர்த்து வளர்த்து, 23 நாள்களில் சுமார் 3 மில்லிமீட்டர் நீள முடியைத் தட்டிலேயே காட்டினர். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் வழுக்கைக்கு முடிவு வந்துவிட்டது என விளம்பரங்கள் பறக்கின்றன. உண்மையில், ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மயிர்க்காலை மனிதர் தலையில் நட்டு முடி வளர்ப்பது இன்றும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. இதை நம் இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. பொய் நம்பிக்கையை விற்போர் எக்காலத்தும் உண்டு.

ஆனால் விளம்பரம் இல்லாமல் நடக்கும் வேலையும் உண்டு. 2019இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனித மயிர்க்கால்களை உடலுக்கு வெளியே வாழவைத்து, மார்பகப் புற்றுநோய் முதலியவற்றுக்குக் கொடுக்கப்படும் டாக்சேன் வகை மருந்துகளை அவற்றின்மேல் செலுத்திப் பார்த்தனர். மயிர்க்காலின் அடியில் பெருகும் உயிரணுக்களும் அவற்றைப் பிறப்பிக்கும் குருத்தணுக்களும் எவ்வாறு சிதைகின்றன எனக் கண்டனர். உயிரணுப் பெருக்கத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் வேறொரு மருந்தை முன்னதாகக் கொடுத்தால் அந்தச் சிதைவு குறைகிறது என்பதையும் கண்டனர். இது ஆய்வுக்கூட முடிவே. நோயாளியின் படுக்கையை அடைய இன்னும் நெடுந்தொலைவு உண்டு. ஆயினும் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிய அந்தத் தாயின் கண்ணீரை, அறிவியல் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டது என்பதற்கு இது சான்று.

அந்தத் தாய் சிகிச்சை முடிந்து, ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், ஞாயிறு திருப்பலிக்கு வந்தார். தலையை மூடவில்லை. பையன்களின் கிராப்பைப்போல் குட்டையாக, சற்றே சுருண்டு, முடி வளர்ந்திருந்தது. முன்னைவிட நரை கூடியிருந்தது. நற்கருணை பெற வரிசையில் வந்தவர், ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். தாயின் வயிற்றில் இறைவன் பதித்த மயிர்க்கால்கள், நஞ்சு கடந்துபோனபின், தம் வேலையை மறுபடி தொடங்கியிருந்தன.

அன்று அவரிடம், முடிதானே என்று நான் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன். தந்தை எண்ணி வைத்திருப்பதை, ‘தானே’ என்ற சொல்லால் தள்ளிவிட எனக்கு உரிமையில்லை. நோயுற்றோரைக் காணச் செல்லும் நம் பக்த சபையினருக்கும் இளைஞர்களுக்கும் நான் வேண்டுவது இதுவே: அவர்கள் இழந்தது எதுவாயினும், அது சிறிது என்று சொல்லாதிருப்போம். சற்று நேரம் அருகில் அமர்வோம். தனித்துவிடப்பட்ட உயிரணு தன் இயல்பை மறக்கிறது என்றால், தனித்துவிடப்பட்ட மனிதரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?